வேன் வாங்கப் போகிறீர்களா? பெற்றோலா, டீசலா?

வியாபாரத்துக்கு வேன் வாங்க நினைப்பவர்களிடம் ஒருவர், "டீசல் எடுங்கள், செலவு குறைவு" என்பார். இன்னொருவர், "டீசல் பழுதானால் கைமுதலே போய்விடும்" என்பார். இரண்டிலும் உண்மை உண்டு. உங்களுக்கு எது பொருத்தம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் மாதாந்தம் ஓடும் கிலோமீற்றர்தான்.

என்ன வித்தியாசம்?

பெற்றோல் எஞ்சினில் பிளக்கின் தீப்பொறியே எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசலில் அப்படியில்லை. காற்றைக் கடுமையாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. இந்த முறை சிக்கனமானது. ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலை விடச் சுமார் 10 வீதத்துக்கும் மேல் கூடுதல் சக்தியும் உண்டு. எனவே லீற்றருக்குக் கூடிய தூரம் ஓடலாம். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை கிடைப்பதால், சரக்கோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுவதும் இலகு.

ஆனால் பம்ப், இன்ஜெக்டர், டர்போ ஆகியவை விலை கூடியவை. டீசலில் தண்ணீரோ அழுக்கோ கலந்தால் முதலில் பாதிக்கப்படுவது பம்பும் இன்ஜெக்டரும்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு, பெற்றோல் லீற்றர் 300 ரூபா, டீசல் 280 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் வேன் லீற்றருக்கு 8 கிலோமீற்றரும் டீசல் வேன் 10 கிலோமீற்றரும் ஓடினால்:

பெற்றோல்: கிலோமீற்றருக்கு 37.50 ரூபா
டீசல்: கிலோமீற்றருக்கு 28.00 ரூபா
மிச்சம்: 9.50 ரூபா

டீசலின் கூடுதல் பராமரிப்புக்கு 1.50 ரூபாவைக் கழித்தால் மிச்சம் 8 ரூபா. டீசல் வேனின் விலை 6 இலட்சம் ரூபா அதிகம் என்றால், அந்தப் பணம் திரும்பி வர 75,000 கிலோமீற்றர் ஓட வேண்டும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு வாராவாரம் சென்று சரக்கெடுத்து, மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இது 25 மாதக் கணக்கு. அவருக்கு டீசல் இலாபம். ஊருக்குள் கடைகளுக்குச் சாமான் போட்டு மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கோ 6 வருடங்களுக்கும் மேல். அவருக்குப் பெற்றோலே போதும். எரிபொருள் விலை மாறிக்கொண்டே இருப்பதால், வாங்கும் நாளின் விலையை வைத்துக் கணக்கிடுங்கள்.

குறுகிய ஓட்டமும் டீசலுக்கு ஒத்துவராது. பிந்திய டீசல் வேன்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். இல்லையேல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பழைய வேன் வாங்குவோருக்கு

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், சந்தையில் நீண்டகாலம் ஓடிய வேன்கள் ஏராளம். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.
2. கரும்புகை டீசல் சரியாக எரியவில்லை என்பதையும், நீலப்புகை ஒயில் எரிவதையும் காட்டும்.
3. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். டொயோட்டா ஹையேஸின் 3.0 லீற்றர் 1கேடி டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ட். அது அறுந்தால் எஞ்சினே சேதமாகும். அதே வேனின் 2.0, 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின்களில் இருப்பது செயின்.
4. விற்பவரின் மெக்கானிக்கிடம் அல்லாமல், உங்களுக்கு நம்பிக்கையானவரிடம் காட்டுங்கள்.

முற்பணம் கொடுக்கும் முன், கடந்த 3 மாதங்களில் உங்கள் சரக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதிப் பாருங்கள். வேனைத் தெரிவு செய்ய வேண்டியது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.