புல்லுக்கு மணிச்சத்து: மண்ணைப் பார்த்து இடுங்கள்

புரட்டாசி – ஐப்பசி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழையில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடவிருப்போர் அடியுரம் இடும் முறையை இப்போதே முடிவு செய்யவும். பரிந்துரைப்படி ஏக்கருக்கு மணிச்சத்து 20 கிலோ. அதற்கு சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை வேண்டும். ஆனால் இட்டதெல்லாம் புல்லுக்குப் போய்ச் சேராது. மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் நன்றாகக் கிடைக்கும். அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் மண்ணே சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கரிசல்
கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசலில் சுண்ணாம்புதான் மணிச்சத்தைக் கட்டிப்போடுகிறது. ஒரு பிடி மண்ணில் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. சூப்பரை 300 கிலோ மக்கிய தொழு உரத்துடன் ஈரப்பதமாகக் கலந்து, குவித்து, தார்ப்பாயால் மூடி ஒரு மாதம் வைக்கவும். நடவின்போது வீசித் தெளிக்காமல், கரணை ஊன்றும் வரிசையை ஒட்டிக் கோடு கிழித்து இட்டு மண் மூடவும். மணிச்சத்து இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. வேருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ராக் பாஸ்பேட் இந்த மண்ணில் கரையாது, வாங்க வேண்டாம்.

மலைப்பகுதி அமில மண்
நீலகிரி, ஏற்காடு சரிவுகளில் பிடித்துவைப்பவை இரும்பும் அலுமினியமும். மண் பரிசோதனை சொல்லும் அளவில் டோலமைட் இட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து சூப்பர் இடவும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. டோலமைட் இடாத நிலத்துக்கு ராக் பாஸ்பேட் ஏற்றது. மெதுவாகக் கரைந்து பலன் தரும்.

செம்மண், மணற்பாங்கு
செம்மண்ணில் முழு அளவையும் அடியுரமாக இடலாம். மணற்பாங்கான நிலத்தில் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. பாதியை நடவிலும் மீதியை முதல் அறுப்புக்குப் பின்னும் இடவும்.

இந்த வாரம்
• வரப்பு, எருக்குவியல், மரநிழல் தவிர்த்து 10–15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும்.
• ஏக்கருக்குப் பாஸ்போபாக்டீரியா 800 கிராம் வாங்கி நிழலில் வைக்கவும். நடவின்போது தொழு உரத்தில் கலந்து இடவும். ரசாயன உரத்தோடு சேர்க்க வேண்டாம்.
• பழைய புல்லில் அடி இலைகள் ஊதா நிறம் காட்டி, தூர் கட்டாமல் நின்றால், அறுத்தவுடன் தூருக்குப் பக்கத்தில் பள்ளம் கீறி சூப்பர் இடவும்.
• பரிசோதனையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால், மண்வள அட்டைப் பரிந்துரைப்படி இந்த ஆண்டு சூப்பரைக் குறைத்துக்கொள்ளவும்.