சூடு அளக்க வந்த தம்பிகளுக்கு

பஹ்ரைனின் குதைபியா அறைகளில் தங்கி, இன்ஸ்ட்ரூமென்ட் வேலைக்குப் புதிதாகப் போகும் தம்பிகளுக்கு:

1. சென்சார் தன் சூட்டைத்தான் சொல்லும், பைப்பில் ஓடும் எண்ணெயின் சூட்டை அல்ல. தெர்மோவெல்லின் அடியில் முட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. 0 டிகிரியில் சென்சாரைச் சோதிக்கும் ஐஸ் பாத்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்பு சேர்ந்தால் உருகுநிலை 0 டிகிரிக்குக் கீழே போய்விடும். டிஸ்டில்ட் வாட்டர் ஐஸை நன்றாக நொறுக்கி ஃப்ளாஸ்க் நிறையப் போடுங்கள். அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடியுங்கள். 4 டிகிரி நீர்தான் அதிகக் கனம், அது கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். பிடி100 சென்சார் இந்த ஐஸ் பாத்தில் 100 ஓம் காட்ட வேண்டும். 100.39 என்றால் ஒரு டிகிரி கூடுதல்.

3. கொதிநீரை 100 என்று நம்பாதீர்கள். காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கொதிநிலை சுமார் 0.28 டிகிரி குறையும். வளைகுடாக் கோடையில் அழுத்தம் இறங்கித்தான் இருக்கும்.

4. கே டைப் தெர்மோகப்பிளில் அமெரிக்க முறைப்படி சிவப்பு நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். கரன்ட் வேலை பழகிய கை இதில்தான் ஏமாறும். ஐரோப்பிய முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கேபிள் தீர்ந்துபோனால் செம்பு வயரால் ஒட்டுப்போடாதீர்கள். வெயிலில் காயும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் ஏசி கன்ட்ரோல் ரூமுக்கும் உள்ள வித்தியாசம் ரீடிங்கில் அப்படியே குறையும்.

5. டிகிரி எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்திருக்கட்டும். 1954 முதல் 2019 வரை நீரின் மும்மைப் புள்ளிதான் அளவுகோலாக இருந்தது: ஐஸ், நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் அந்த நிலை 273.16 கெல்வின். ஆனால் நீருக்கு நீர் ஐசோடோப் கலவை மாறும். அந்த அளவுக்கு நுணுக்கம் பார்ப்பவர்களுக்கு இது தொல்லைதான். அதனால் 2019 மே 20 முதல், சூட்டையும் ஆற்றலையும் இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியை 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று நிலைநிறுத்திவிட்டார்கள். இப்போது கெல்வின் எந்தப் பொருளையும் சார்ந்ததல்ல. இருந்தாலும் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்குவது 1990-இல் வகுத்த அளவுகோல்தான். அதில் காலியம் உருகுவது 29.7646 டிகிரியில்; ஏசி நின்றால் நம் அறையிலேயே உருகும். அலுமினியம் உறைவது 660.323-இல். இங்குள்ள அல்பா அலுமினிய ஆலையில் 1971 முதல் டன் டன்னாக வார்க்கும் அதே உலோகம்தான், ஆனால் அளவுகோலுக்கு அதைவிடப் பல மடங்கு சுத்தமானது வேண்டும்.

6. கேலிப்ரேஷன் சர்டிபிகேட்டில் தேதியை மட்டும் பார்த்து ஃபைலில் போடாதீர்கள். எத்தனை டிகிரியில் சோதித்தார்கள், ± எவ்வளவு என்று பாருங்கள். 0 முதல் 100 வரை சோதித்த கருவியை 400 டிகிரி லைனில் மாட்டச் சொன்னால், மாட்டுவதற்கு முன்பே சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேளுங்கள்.