ஸ்கேன் காகிதமும் கம்பம்மெட்டு ஜீப்பும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொண்டது.

விடியுமுன்னே கம்பத்தில் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப் டிரைவர்களில் இடுப்புவலி தெரியாதவர் குறைவு. மாப்பிள்ளைக்கு அது புட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கால் பெருவிரல் வரை சுர்ரென்று இழுக்கிறதாம். எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஜீப்பை விற்பது, மூன்று மாதம் பலகையில் படுப்பது என்று வீட்டில் பேச்சு ஓடுவதாக அக்கா போனில் சொன்னார். இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்தக் காகிதம். முதுகில் ஒரு தொந்தரவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 பேருக்கு. தலை நரைப்பது போலத்தான் இதுவும். மாப்பிள்ளைக்கு வலி ஓடுகிற தடமும் ஸ்கேன் காட்டும் இடமும் ஒத்துப்போவதால் அறிக்கை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் இருப்பது ஒரு நாளின் படம். இனி என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

காகிதமே வலியைக் கூட்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்கேனில் உள்ள கோளாறுகள் அத்தனையும் விளக்கப்பட்டன. மற்றப் பிரிவிடம், இவை வயதோடு வருகிற மாற்றங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். சிகிச்சை இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், கோளாறுகளைக் கேட்டுக்கொண்டவர்கள் முதுகைப் பற்றிக் கூடுதலாகப் பயந்தார்கள்; வலி குறைந்ததும் நடமாட்டம் தேறியதும் அவர்களுக்குக் குறைவு. 2021-ல் வெளியான ஆய்வு இது. அறிக்கையை மாப்பிள்ளை தினமும் எடுத்துப் படிப்பதாகக் கேள்வி. பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும்.

டிஸ்க் ‘விலகிவிட்டது’ என்று ஊரில் சொல்வதால், தட்டி உள்ளே தள்ளிவிடலாம் என்று ஆட்கள் கிளம்புகிறார்கள். உண்மையில் அது எலும்புகளோடு ஒட்டி வளர்ந்த வளையம். நடுவில் கூழ் போன்ற ஒன்று. வளையம் கிழிந்தோ, எலும்போடு ஒட்டிய இடம் பெயர்ந்தோ உள்ளிருப்பது வெளியே வரும்போது நரம்பின் வேர் வீங்கிக் கொதிக்கிறது. 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் இதை எழுதிய பிறகுதான் காலுக்கு இறங்கும் வலிக்கும் டிஸ்குக்கும் உள்ள உறவு உலகத்துக்குத் தெளிந்தது. வெளியே வந்த துண்டை உடம்பின் காவல் அணுக்களே பல பேருக்கு மெல்ல மெல்லத் தின்று கரைத்துவிடும். ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் மிதிப்பதால் அந்த வேலை வேகமாகாது. சூடு ஒத்தடமும் தைலமும் சுகம் தரும், தசைப்பிடிப்பு இளகும். தாராளமாகப் போடலாம். எண்ணெய் டிஸ்க் வரை போகும் என்று மட்டும் நம்பி ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம்.

படுக்கை விஷயத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் இதே வலிக்காரர்கள் 183 பேரில் ஒரு பாதியினரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மறு பாதியினரை முடிந்த வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் இரு பக்கமும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்ததில் லாபம் எதுவும் இல்லை. 1999-ல் வந்த முடிவு. நம் ஊர்ப் பலகைக் கட்டிலுக்கு இன்னும் சேதி எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் வேண்டாம் என்று மாமா சொல்ல வரவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கடும் கால்வலியில் இருந்த 283 பேரை அதே நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, உடனே கத்தி வைத்துக்கொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டதையும் மறைக்கக் கூடாது. வலியைத் தாங்க முடிகிறதா, எத்தனை நாள் சம்பாத்தியத்தை விட முடியும் என்பதைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது. மாப்பிள்ளைக்கு வலி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையே.

ஜீப்பில் வருகிற பெண்களைக் கொஞ்சம் கவனிக்கவும். ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். குனியாமல் ஒரு காய்கூட எடுக்க முடியாது. அனுபவப்பட்ட அக்காமார் இடுப்பை மடக்கி நாள் முழுக்க நிற்பதில்லை. உட்கார்ந்து எடுப்பார்கள், அடுத்த செடிக்கு எழுந்து நடப்பார்கள், மறுபடி உட்காருவார்கள். டிரைவருக்கு அந்த மாற்றம் இல்லை. மேட்டுப் பாதையின் குலுக்கலை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வாங்கிவிட்டு, இறங்கிய கையோடு குனிந்து ஏலக்காய் மூட்டையைத் தூக்கி மேலே போடுகிறார். டிஸ்குக்கு இதைவிட மோசமான காலை கிடையாது.

ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்து உப்பும். அதனால்தான் காலையில் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் போல உயரம் கூடியிருக்கிறோம். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்ததும் குனிவதைத் தவிர்த்த இடுப்புவலிக்காரர்களுக்கு வலி குறைந்ததை 1998-லேயே எழுதியிருக்கிறார்கள். எனவே எழுந்து ஒரு மணி நேரத்துக்கு டயரைக் குனிந்து பார்ப்பதும் ஸ்டெப்னி தூக்குவதும் கிளீனர் பையன் பாடு. சீட்டில் இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைக்கவும். வசூல் பணம் திணித்த பர்ஸ் பின்பாக்கெட்டில் இருந்தால் அதுவே புட்டத்து நரம்பை நெரிக்கும். சட்டைப் பைக்கு மாற்றவும். செக்போஸ்டில் ஆட்களை இறக்கியதும் டீக்கடை பெஞ்சில் சாயாமல் சாலையோரம் நடக்கவும். இடுப்புவலி வந்து தேறிய 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆயிற்று, மற்றவர்களுக்கு 112 நாள். நடைக்குக் காசு கிடையாது என்பதால் யாரும் அதை மருந்துச் சீட்டில் எழுதித் தருவதில்லை. பயிற்சி சொல்லித்தர, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி உண்டு. கம்பம் அரசு மருத்துவமனையில் விசாரிக்கவும். பீடியையும் விட வேண்டும், அது டிஸ்குக்குப் போகிற ஊட்டத்தைக் கெடுக்கும்.

வாரம் ஒரு முறை குதிகாலில் நான்கு எட்டு, நுனிக்காலில் நான்கு எட்டு நடந்து பார்க்கவும். பாதம் தொங்கினாலோ, பெருவிரலை மேலே தூக்க வலு இல்லாமல் போனாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தானாகப் போனாலோ, மலம் போவது தெரியாவிட்டாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போனாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. நரம்புக் கொத்து முழுவதும் நசுங்குகிற அவசரம் அது. ஆபரேஷன் தாமதமானால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். அன்றிரவே தேனி மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஜீப்பை வேறு யாராவது ஓட்டட்டும்.

இப்படிக்கு,
மாமா