செய்யுளை எடுத்துரைக்கப் பயிற்றுதல்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமண சமயத்தவர் என்பது நாம் அறிந்ததே. அந்நூலின் பொதுப்பாயிரத்தில் கல்வி நிரம்பும் முறைக்கு அவர் ஒரு கணக்குக் கூறுகிறார். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வையாகக் கேட்டுக்கொள்வதால் கிட்டுவது கால்பங்கு. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிரம்புகிறது.

நம் வகுப்பறைகளில் நிகழ்வது யாது? ஆசிரியர் சொல்ல, அனைவரும் கூட்டமாகத் திருப்பிச் சொல்கின்றனர். போட்டி வந்தால், நல்ல குரலுடைய ஒரு பிள்ளை மேடையேறுகிறது. ஏனையோர் முதற் கால்பங்கோடு நின்றுவிடுகின்றனர்.

இக்குறை எல்லைப்புற ஊர்களில் மிகுதியாக உறுத்தும். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தது பள்ளிப்பட்டு. இங்கே இல்லத்தில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர். இக்காலத் தெலுங்கில் ழகரம் இல்லை; அம்மொழிச் சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடிவன. எனவே 'நாள்' என்பது 'நாளு' என ஒலிக்கக்கூடும். உடனிருப்போர் நகைத்தால் அப்பிள்ளை மீண்டும் வாய் திறப்பதில்லை. இது அறியாமையன்று, தாய்மொழியின் பழக்கம். தமிழ் பேசும் வீடுகளிலும் பேச்சுவழக்கில் 'நாளு' உண்டன்றோ?

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு நாம் வலியுறுத்தி வந்த படிகள் நான்கு.

முதலாவது, பொருள். அச்சிட்ட வெண்பாவில் அடிகள் சீர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரே சொல் இரு சீர்களில் பிளவுபடுவதும் உண்டு; அதனை வகையுளி என்பர். அவ்விடத்தில் நிறுத்திச் சொன்னால் பொருள் சிதையும். ஆதலின் சொற்களைப் பிரித்துக் கரும்பலகையில் எழுதி, முதலில் உரைநடைபோலப் படிக்கச் செய்க.

இரண்டாவது, ஓசை. வெண்பாவிற்கு உரியது செப்பலோசை. செப்பல் என்றால் சொல்லுதல். தெலுங்கிலும் 'செப்பு' என்றால் 'சொல்' என்பதே பொருள்; பள்ளிப்பட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எதிரே இருப்பவர்க்குச் சொல்வதுபோல் சொன்னாலே போதும். இராகமும், சொல்தோறும் கையசைவும் வேண்டா. பின்னர் அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிச் சொல்லச் செய்க. 'நாள்' ஓரசை, 'நாளு' ஈரசை. மிகுந்த தட்டைப் பிள்ளையின் செவியே உணர்ந்து திருத்திக்கொள்ளும்.

மூன்றாவது, இணை. ஒருவர் சொல்ல, மற்றவர் நூலைப் பார்த்துக் கேட்க, பின் மாறுக. 40 பேர் கொண்ட வகுப்பில் 20 இணைகள். பத்து நிமிடத்தில் ஒருவர்கூட விடுபடாமல் அனைவரும் பேசியிருப்பர். ஒருவர் ஒரு சொல்லை மறந்தால் உடனே எடுத்துக்கொடாமல் மூன்று எண்ணும்வரை பொறுத்திருக்கப் பழக்குக.

நான்காவது, அவை. நாலடியார் நானூறு வெண்பாக்களும் நான்கு அடியின. நால்வர்க்கு ஒரு பாட்டாகக் கொடுத்து, ஆளுக்கோர் அடி சொல்லச் செய்க. முடிவில் பொருளை ஒருவர் தம் சொற்களில் கூறட்டும். கேட்போர் கீழ்வகுப்பு மாணவராயின் தெளிவாகச் சொல்ல வேண்டிய தேவை தானே எழும். ழகரம் வாராத பிள்ளையையும் இதில் விலக்குதல் கூடாது. சொல்லச் சொல்லவே நா பழகும்.

இப்பயிற்சி பள்ளிக்கு மட்டும் உரியதன்று. வெளியூர்களில் ஆங்கிலவழி பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்கு நாலடியார் பெயரளவில் தெரியும். வாரம் ஒரு பாட்டை மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். தாத்தா பாட்டியர் அருகமர்ந்து கேட்கட்டும். முனிவர் குறித்த அந்த அரைப்பங்கு நம் இல்லங்களிலும் நிரம்புமாக.