ஆறாத கீறலும் முப்பது டிகிரியும்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போர் உண்டு. சிப்பி ஓடு அவர்கள் காலைக் கீறும். இறாலின் முள் விரலில் ஏறும். பெரும்பாலும் சில நாளில் காயம் ஆறிவிடும். இத்தகைய நீர்வேலை செய்வோருக்கு எப்போதாவது, காயம் பட்டுச் சில வாரங்கள் கழித்து, அதே இடத்தில் சிவந்த கட்டி எழுவதுண்டு. காரணம் என்ன?

காசநோய்க் கிருமிக்கு மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினங்கள் பல உண்டு. மைக்கோபாக்டீரியம் என்பது குடும்பப் பெயர். 1968-இல் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய பேராய்வு தொடங்கியது. பிற்காலத்தில் அப்பகுதியின் மண், நீர், தூசி ஆகியவற்றைச் சோதித்தபோது இவ்வினங்கள் கிடைத்தன. இவை சாதாரணமாகத் தீங்கு செய்வதில்லை. தோல் உடைந்திருந்தால் தொல்லை தரலாம்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நகங்களை அழகுசெய்யும் நிலையம் ஒன்றுக்குச் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோரின் கால்களில் கொப்புளங்கள் தோன்றின. கால் ஊறவைக்கும் தொட்டியில் நீர் சுழன்றுகொண்டிருந்தது. நீரை உறிஞ்சும் வலைத்தட்டின் பின்னால் முடியும் தோல்துகளும் தேங்கியிருந்தன. அங்கே மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் பெருகியிருந்தது. முன்னதாகக் கால் முடியைச் சவரக்கத்தியால் மழித்தவர்களுக்கே ஆபத்து மிகுதி. கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வாயில்!

மற்றோர் இனம் மைக்கோபாக்டீரியம் மேரினம். 1926-இல் ஆரன்சன் என்பவர் ஃபிலடெல்பியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களிலிருந்து இதைக் கண்டறிந்தார். இது சுமார் 30 டிகிரி செல்சியசில் நன்கு வளரும். 37 டிகிரியில் திணறும். ஆகவே உடலின் உள்ளே பரவுவது அரிது, கைகால்களிலேயே தங்கும்.

கைகால்கள் ஏன் குளிர்ந்திருக்கின்றன? விரல்களுக்குப் பருமனைவிடப் புறப்பரப்பு ஒப்பளவில் மிகுதி. வெப்பம் எளிதில் வெளியேறும். மேலும், காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆய்வக வெப்பமானியைக் கால்விரல்களின் இடையிலும், கழுவியபின் அக்குளிலும் வைத்துப் பாருங்கள்; வேறுபாடு விளங்கும்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? கீறலை உடனே நல்ல நீராலும் சோப்பாலும் கழுவி, ஆறும்வரை மூடி வைக்க வேண்டும். சில மணி நேரத்திலேயே வீக்கமும் கடும் வலியும் காய்ச்சலும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உவர்நீரில் வாழும் விப்ரியோ என்னும் வேறொரு பாக்டீரியா அவ்வாறு விரைந்து தாக்கும்.

வாரக்கணக்கில் ஆறாத கட்டியானால், "ஏரியில் இறங்கி வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் கிருமிகளை வழக்கமாக 37 டிகிரியில் வளர்ப்பார்கள். அந்த வெப்பநிலையில் மேரினம் தென்படாமலே போகலாம். உரிய மருந்தை மாதக்கணக்கில் உண்டால் குணமாகும் நோய், பெயர் தெரியாமல் நீடிக்கும். நோயாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் ஆய்வகத்தை 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்கச் செய்யும்.