நில எடுப்பும் நீதியும்

முன்னுரை

பொதுநலத்துக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுக்கலாமா என்பது பழைய வினா. எடுக்கலாம் என்றே பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் விடை கூறுகின்றன. ஆயினும், எடுக்கும் அரசைக் கேள்வி கேட்க ஒரு நடுவர் உண்டா என்பதைப் பொறுத்தே அவ்விடை நீதியாகிறது. களியக்காவிளை - கன்னியாகுமரி நான்குவழிச் சாலைக்காக நம் மாவட்டத்தில் வயல்களும் தோப்புகளும் எடுக்கப்பட்ட பின்னர், இவ்வினா நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆதலின் இதனைச் சுருக்கமாக ஆராய்வோம்.

இஸ்லாமிய வரலாற்றில்

மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க விழைந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு, நபிகளாரின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர் தர மறுத்தார். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. உரிமையாளரின் இசைவின்றி எடுத்தலாகாது எனக் கலீஃபாவுக்கு எதிராகவே அவர் தீர்ப்புரைத்தார் என்றும், அதன்பின் அப்பாஸ் (ரலி) மனமுவந்து வீட்டை வழங்கினார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரி 17இல் மக்காவில் கஅபாவைச் சூழ்ந்த வீடுகளை விற்க மறுத்தோர்க்குரிய விலை, அவர்களுக்காகக் கருவூலத்தில் வைக்கப்பட்டதாகவும் அறிகிறோம். பொதுத்தேவை, உரிய விலை, ஆட்சியாளரையும் கட்டுப்படுத்தும் நடுவர் ஆகிய மூன்றும் இந்நிகழ்ச்சிகளால் புலனாகின்றன.

அரசமைப்புச் சட்டத்தில்

1950இல் சொத்துரிமை அடிப்படை உரிமையாக விளங்கிற்று. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் அதனை அப்பட்டியலினின்று நீக்கி, 300-அ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறித்தலாகாது என்பது அப்பிரிவின் சாரம். சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்றது உச்சநீதிமன்றம். 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் ஏழு கூறுகளை அது வகுத்துரைத்தது. முன்னறிவிப்பு, ஆட்சேபம் கேட்டல், காரணங்கூறும் முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, காலந்தாழ்த்தாத நடைமுறை, எடுப்பை முறைப்படி நிறைவுசெய்தல் என்பன அவை.

சாலை வழக்கு ஒன்று

சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பு அறிவிப்புகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8இல் நீக்கியது. 2020 டிசம்பர் 8இல் உச்சநீதிமன்றம் அவ்வறிவிப்புகள் செல்லும் என்றது. சுற்றுச்சூழல் அனுமதியைப் பணி தொடங்குமுன் பெற்றால் போதும் எனவும் கூறியது. ஆயினும் எடுப்பு நிறைவுறுமுன்பே வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்களை அது ஏற்கவில்லை. வழக்கில் வென்ற அரசும் முறைதவறிய இடத்தில் திருத்தப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

சாலை வேண்டுமா என்பதை நீதிமன்றம் பெரும்பாலும் அரசிடமே விட்டுவிடுகிறது. எடுத்த முறை சரியா என்பதையே துருவி ஆராய்கிறது. ஆகவே உரிமையாளரின் விழிப்பே முதற்காவல். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, அறிவிப்பு வெளியான 21 நாள்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும். அதன்பின் வெளியாகும் உறுதி அறிவிப்போடு நிலம் நடுவண் அரசைச் சேர்ந்துவிடும். அறிவிப்பின் சாரம் உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகும். அதனைப் படித்துப் பெரியோர்க்கு விளக்குவது மாணவர் கடமையாகும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருப்பின் இழப்பீடு பெறுதல் கடினம். பெண்மக்களுக்கு மார்க்கம் வகுத்த பங்கும் மறைந்துபோகும். ஆவணங்களை இன்றே செம்மைசெய்வோர்க்கே நாளை நீதிமன்றத்தின் துணை எளிதில் கிட்டும்.