வலிக்கும் ஒரு கணக்கு வேண்டும்



மாதக்கணக்கில் தீராத வலியோடு வாழ்கிறவர்கள் நம் குடும்பங்களிலும் சபைகளிலும் உண்டு. அந்த வலியைக் கைபேசியில் குறித்து வைப்பதால் என்ன பயன் என்பதை இந்தப் பாடத்தில் சேர்ந்து சிந்திப்போம்.

தேன்கனிக்கோட்டை வட்டத்தில், காட்டையும் கர்நாடக எல்லையையும் ஒட்டியுள்ள ஊர் ஜவளகிரி. அங்கிருந்து இடுப்பு வலியோடு மருத்துவமனைக்கு வரும் ஒரு தாயை மனதில் வைத்துக்கொள்வோம். ராகிக் கொல்லையில் குனிந்து களையெடுத்த உடம்பு. பேருந்துக்குக் காத்திருந்து, வரிசையில் உட்கார்ந்து, கடைசியில் மருத்துவர் முன் வருகிறார்.

"எத்தனை நாளா வலிக்குதும்மா?"

"ரொம்ப நாளாங்க டாக்டர்."

"எப்போ அதிகமா இருக்கு?"

"எப்பவுமேதாங்க."

ஐந்து நிமிடத்தில் மருந்துச் சீட்டோடு வெளியே வந்துவிடுகிறார். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் வலி எங்கே தொடங்கியது, எதனால் கூடுகிறது என்று அறிய அந்தப் பதிலில் ஒன்றுமில்லை.

1. வலி ஒரு காவல்காரன்

1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம், உணர்விழந்த கைகளில் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே என்று அவர் கண்டார். பின்னாளில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை கொடுக்கும் கருவியொன்றைச் செய்து பார்த்தார். அது பலிக்கவில்லை. தொல்லையாக இருந்தபோது நோயாளிகள் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே வலி நமக்குக் காவல்காரன். ஆனால் சிலருக்குக் காயம் ஆறிய பின்பும் அந்தக் காவல்காரன் கூவிக்கொண்டே இருக்கிறான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் உண்டு. இது வெறும் பாசாங்கு என்று யாரையும் நாம் ஒதுக்கக் கூடாது.

2. எதைக் குறிக்க வேண்டும்?

வலி எந்த இடத்தில், பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு, எந்த வேலைக்குப் பின் கூடியது, எதனால் குறைந்தது, இரவு எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன மாத்திரை, எத்தனை. கனடாவில் உருவான 'மேனேஜ் மை பெயின்' போன்ற செயலிகள் இவற்றைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாகத் தொகுத்துக் கொடுக்கின்றன. இரண்டு வாரக் கணக்கைப் பார்த்தால், தண்ணீர்க் குடம் தூக்கிய மறுநாளெல்லாம் வலி கூடியது மருத்துவருக்குப் புலப்படலாம். கடையில் தானாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளும் தெரியவரும். டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நெடுநாள் தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். ஆகையால் இந்தக் கணக்கு அற்பமானதல்ல.

3. எச்சரிக்கைகள்

இத்தகைய செயலிகள் பல ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஜவளகிரிப் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். எழுத்தறியாத முதியோரும் உண்டு. அவர்கள் தங்கள் மொழியிலேயே கைபேசியில் பேசிப் பதிவு செய்யலாம். காலண்டர் தாளில் ஓர் எண் எழுதினாலும் போதும்.

நாளெல்லாம் வலியையே கவனித்தால் அது பெரிதாகத் தோன்றக்கூடும். ஆகவே நாளுக்கு ஒருமுறை குறித்துவிட்டு, அன்று செய்ய முடிந்த ஒரு வேலையையும் கூடவே எழுதட்டும். ஒரே கைபேசியை வீட்டார் எல்லாரும் பயன்படுத்தினால், அந்தரங்கம் காக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கால் பலமிழந்தாலும், சிறுநீர் கட்டிக்கொண்டாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இடுப்பு வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத உடல் மெலிவோ இருந்தாலும் தாமதிக்கலாகாது.

4. நம் பங்கு

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இயன்முறை சிகிச்சையும் நோய் தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வர அது வழி செய்தது. வீட்டுக்கு வருகிறவர் கையில் வலியின் கணக்கு ஒன்றைக் கொடுக்க முடிந்தால், அவருடைய வேலையும் இலகுவாகும்.

கருவி வலியைச் சுமக்காது. எண்ணை மட்டுமே காட்டும். அந்த எண்ணைக் கேட்டு எழுத ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தத் தாயின் பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ மாலையில் ஐந்து நிமிடம், "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் போதும். அடுத்த முறை மருத்துவர் முன் அவர் "எப்பவுமேதாங்க" என்பதோடு நின்றுவிட மாட்டார்.

சிந்திக்க:

அ. நம் வீட்டில் வலியைச் சொல்லிச் சொல்லிச் சலித்து மௌனமாகிவிட்டவர் யார்?

ஆ. இந்த வாரம் அவருக்காக யார் எழுதப் போகிறோம்?